எண் எங்கே இருக்கிறது?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புறநகர் ரயிலில் போகிறவர்கள் அத்திப்பட்டு நெருங்கும்போது கிழக்கே பார்த்தால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரத்தில் புகைபோக்கி கட்ட வேண்டும் என்பது அவற்றைக் கட்டிய காலத்தில் நம் நாட்டு விதி. அங்கே இரண்டாம் கட்டத்தில் ஓடுபவை 600 மெகாவாட் அலகுகள். 275 மீட்டர் என்பது விமானிகளின் கணக்கில் சுமார் 900 அடி. தரையில் நிற்பவருக்கு அது ஊர் அடையாளம். வானம் தெளிந்திருந்தால் விமானிக்கும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மேகம் தாழ இறங்கிவிட்டாலோ, போகியன்று விடிகாலையில் பனியும் டயர்ப் புகையும் கலந்து சென்னையை மூடிவிட்டாலோ கதை மாறுகிறது. கண்ணுக்குத் தெரிந்த புகைபோக்கி மறைந்து, வரைபடத்தில் அச்சான ஓர் எண் மட்டுமே விமானியிடம் மிஞ்சுகிறது. அந்த எண் தாளில் எந்த மூலையில் இருக்கிறது, எந்த நொடியில் விமானியின் கண் அதன் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்து உயிர்கள் பிழைத்திருக்கின்றன, போயிருக்கின்றன.

மேகத்துக்குள் மனித உடலை நம்ப முடியாது என்பதை விமானத்துறை வெகு சீக்கிரமே கற்றுக்கொண்டது. அடிவானம் மறைந்ததும் உட்காதின் சமநிலை உறுப்பு பொய் சொல்லத் தொடங்கும். விமானம் மெல்லச் சாய்ந்து சுழல்வதை நேராகப் பறப்பதாக உணரவைக்கும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை வெளியே எதுவும் தெரியாத நிலையில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. ஆகவே கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது என்று தனியாகவே ஒரு பயிற்சி வந்தது. கருவிகள் சொல்வது விமானத்தின் நிலையை: எவ்வளவு உயரம், எந்தத் திசை, என்ன வேகம். எந்த உயரத்தில், எந்தத் திசையில், என்ன வேகத்தில் இருக்க வேண்டும் என்று அவை சொல்வதில்லை. அதைச் சொல்வது காகிதம். பறப்புத் திட்டம், வானிலைக் குறிப்பு, எடைக் கணக்கு, புறப்பாட்டுக்கும் வருகைக்கும் தரையிறக்கத்துக்கும் தனித்தனி வரைபடங்கள், செக்லிஸ்ட், இவை போகத் தரைக்கட்டுப்பாடு வானொலியில் சொல்வதைக் குறித்துக்கொள்ள வெற்றுத்தாள் என்று அது ஒரு கட்டு.

இந்தக் காகிதங்களின் வேலை தகவலைச் சேர்த்துவைப்பது என்றுதான் நாம் இயல்பாக நினைப்போம். எல்லாம் கையில் இருந்தால் போதும், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அது. விபத்து விசாரணை அறிக்கைகள் வேறு மாதிரிப் பேசுகின்றன. தகவல் இல்லாமல் மோதிய விமானங்கள் உண்டு. ஆனால் தகவல் தாளில் இருக்க, தாள் கையில் இருக்க, மோதிய விமானங்களும் உண்டு. இந்த இரண்டாம் வகைதான் நமக்குப் பாடம். காக்பிட்டில் ஒரு குறிப்பு பயன்படுவது அது எழுதப்பட்டிருப்பதால் மட்டும் அல்ல. வேலை நடக்கும் வரிசையும் தாளில் இருக்கும் வரிசையும் ஒன்றாக இருப்பதால்.

வரலாறு தொடங்குவதும் ஒரு பாக்கெட் நோட்டில்தான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டிய எல்ரே ஜெப்பசன் பத்து சென்ட் கொடுத்துக் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார். இறங்கும் மைதானத்தின் நீளம், சரிவு, அருகிலுள்ள தடைகளின் உயரம், வானிலை கேட்க அந்தப் பக்கத்து விவசாயியின் தொலைபேசி எண் என்று அதில் எழுதிக்கொண்டே போனார். மலைகளிலும் புகைபோக்கிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் உயரமானியோடு ஏறி அளந்தார். 1934இல் அந்தக் குறிப்புகளைப் பத்து டாலருக்கு விற்கத் தொடங்கினார். உலகெங்கும் விமானிகள் சுமந்து திரிந்த ஜெப்பசன் கோப்பு அப்படிப் பிறந்தது: மெல்லிய தாள், ஏழு துளை, தோல் அட்டைக் கோப்பு. திருத்தக் கட்டு தபாலில் வரும்போதெல்லாம் பழைய தாளை உருவிப் புதிய தாளைச் செருக வேண்டும். ஒரு தாள் இடம் மாறினால் மாறியதுதான். அந்த முதல் நோட்டில் கவனிக்க வேண்டிய விஷயம் அதன் அடக்கம். எழுதியவரே பயன்படுத்துபவர், அதனால் எது முக்கியம், எது எப்போது தேவை என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. எழுதுபவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர் என்று ஆனபோதுதான் சிக்கல் பிறந்தது.

அந்தச் சிக்கல் முற்றிலும் வெளிப்பட்டது 1974 டிசம்பர் 1ஆம் தேதி. டிடபிள்யூஏ 514 என்று சுருக்கமாகச் சொல்லப்படும், ட்ரான்ஸ் வேர்ல்ட் நிறுவனத்தின் போயிங் 727 விமானம் வாஷிங்டனின் டல்லஸ் நிலையத்தை நோக்கி மேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டாளர் தரையிறக்க அணுகுமுறைக்கு அனுமதி கொடுத்துவிட்டார். விமானிகளிடம் இருந்த தாளில் இரண்டு படங்கள். மேலிருந்து பார்க்கும் படத்தில், அவர்கள் இருந்த பகுதிக்குக் குறைந்தபட்ச உயரம் 3,400 அடி என்று போட்டிருந்தது. பக்கவாட்டுப் படமோ ரவுண்ட் ஹில் என்ற புள்ளியில்தான் தொடங்கியது. அங்கே 1,800 அடி. இறங்கும்போது விமானி நம்புவது பக்கவாட்டுப் படத்தைத்தான், ஏனென்றால் இறக்கத்தைக் காட்டுவது அது. கேப்டன் 3,400 என்ற எண்ணைப் பார்த்தே இருந்தார். காக்பிட் ஒலிப்பதிவில் அந்தத் தாளை அலுத்துக்கொண்டபடி அவர் அதை வாசிப்பது பதிவாகியிருக்கிறது. இருந்தும், அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் இறங்கலாம் என்றுதானே பொருள் என்று முடிவு செய்து 1,800க்கு இறங்கினார்கள். நிலையத்துக்கு ஏறத்தாழ 25 மைல் முன்பே 1,670 அடி உயரத்தில் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். குற்றம் விமானிகள் மேலா, கட்டுப்பாட்டு முறை மேலா என்பதில் விசாரணைக் குழுவே மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தது. எனக்கு அந்தப் பிரிவே பெரிய சான்றாகத் தோன்றுகிறது. நிதானமாக மேசையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் படித்தவர்களுக்கே ஒருமித்து முடிவு செய்ய முடியாத ஒன்றை, குலுங்கும் விமானத்தில் சில நிமிடங்களில் முடிவு செய்யும்படி அந்தத் தாள் கேட்டது.

மூன்றே நாளில், டிசம்பர் 4ஆம் தேதி இரவு, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா அருகே ஏழு கன்னியர் மலையில் மார்ட்டின்ஏர் டிசி-8 மோதியது. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த அந்த விமானத்தில் இருந்த 191 பேரும் இறந்தார்கள். தேயிலைத் தோட்டத் தமிழர்கள் இன்றும் பேசும் விபத்து அது. கட்டுநாயக்க நிலையத்தை நெருங்கிவிட்டதாக நினைத்து விமானிகள் இறங்கினார்கள். உண்மையில் இன்னும் மலைகளுக்கு மேல்தான் இருந்தார்கள். இரண்டு விபத்துகளிலும் உயரத்தின் எண் பொய்யில்லை. 1,800 அடி ரவுண்ட் ஹில்லைத் தாண்டியபின் சரியான உயரம். டிசி-8க்கு இறங்க அனுமதித்த 2,000 அடி கட்டுநாயக்கவின் சமவெளிக்கு மேல் சரியான உயரம். உயரம் தனியாக நிற்கும் எண் அல்ல, இடத்தோடு கட்டிப்போட வேண்டிய எண். அந்தக் கட்டு தாளிலோ மனதிலோ அவிழ்ந்துவிட்டால் சரியான எண்ணே ஆளைக் கொல்லும்.

இதிலிருந்து வரைபடம் வரைபவர்கள் கற்றுக்கொண்டது மெதுவாகத்தான் பலன் தந்தது. 1990களில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வோல்பி மையத்தில் நடந்த ஆய்வுகளை ஒட்டித் தரையிறக்க வரைபடத்தின் தலையில் ஒரு பட்டை வந்தது. வானொலி அலைவரிசை, கடைசிப் பாதையின் திசை, எந்த உயரத்தில் முடிவெடுக்க வேண்டும், ஓடுபாதை தெரியாவிட்டால் எப்படி ஏறிப் போக வேண்டும் என்பவை, விமானிகள் ஒருவருக்கொருவர் வாய்விட்டு வாசிக்கும் அதே வரிசையில், இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக. புதிய தகவல் ஒன்றுகூட இல்லை. முன்பு தாள் முழுக்கச் சிதறியிருந்ததைப் பேச்சின் வரிசைக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

மீனம்பாக்கத்தில் மேற்கிலிருந்து 07 ஓடுபாதைக்கு வருவதை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அங்கே வழக்கமான கருவித் தரையிறக்கத்தில் தரைக்கு 200 அடி மேலே வரை இறங்கலாம். அதற்குள் ஓடுபாதையின் விளக்குகள் தெரியாவிட்டால் ஏறிவிட வேண்டும். இந்த 200 அடிக்கு அர்த்தம் வருவது உயரமானி சரியாக இருந்தால்தான். உயரமானி என்பது அடிகளில் அளவிட்ட காற்றழுத்தமானி. மேலே பறக்கும்போது உலகப் பொதுவான 1013 ஹெக்டோபாஸ்கலில் வைத்திருப்பார்கள், இறங்கும்போது நிலையம் சொல்லும் அன்றைய அழுத்தத்துக்கு மாற்ற வேண்டும். கடலில் புயல் நிற்கும் நாளில் அது 998 என்று வைத்துக்கொள்வோம். மாற்ற மறந்தால் 15 அலகு பிழை. அலகுக்கு ஏறக்குறைய 27 அடி வீதம் 400 அடி. கருவி 600 அடி என்று காட்டும், விமானம் 200இல் இருக்கும். புகைபோக்கியின் உயரத்தில் பாதிக்கு அருகில் வரும் பிழை, வெறும் மூன்று இலக்கங்களைக் கேட்டு எழுதாமல் விட்டதால். அதனால்தான் அனுபவசாலிகள் தொடையில் கட்டிய நீபோர்டில் அழுத்தத்துக்கு என்று நிலையான ஒரு மூலையை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த இடம் காலியாக இருந்தால் காலி என்று கண்ணுக்கு உறுத்தும். எழுதிய எண்ணைவிட எழுதப்படாத கட்டம் சில நேரம் அதிகம் பேசும்.

கையெழுத்துக் குறிப்புக்கும் இதே நியாயம். புறப்பாட்டு அனுமதியைத் தரைக்கட்டுப்பாடு ஒரே மூச்சில் சொல்லும்: எதுவரை, எந்த வழி, எந்த உயரம், எந்த அலைவரிசை, எந்த ரேடார் எண். மாணவ விமானிகளுக்கு இந்த ஐந்தையும் வரிசையாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப் பழக்குகிறார்கள். வருவது என்ன என்று முன்கூட்டியே தெரிந்தால் காது பாதிச் சுமையை இறக்கிவைக்கிறது. ஓர் எண் எதைக் குறிக்கிறது என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதவும் சொல்லவும் வேண்டும் என்பதற்கு 1990 பிப்ரவரி 14ஆம் தேதி பெங்களூரில் நடந்தது சாட்சி. இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ320 ஓடுபாதைக்கு முன்பே தரையில் விழுந்து, 146 பேரில் 92 பேர் இறந்தனர். நிமிடத்துக்கு 700 அடி இறங்கு என்று ஒரு குமிழில் வைக்க வேண்டியதை, 700 அடி உயரத்துக்கு இறங்கு என்று பக்கத்துக் குமிழில் வைத்துவிட்டிருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. அந்த விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் அடி பூமிக்குள் இருக்கும் ஒரு புள்ளியை நோக்கி விமானத்தை அனுப்பிய எண் அது. எண்ணாகப் பார்த்தால் பிழையே இல்லாத 700.

தாள் குறைவாக இருப்பதால் மட்டும் ஆபத்து வருவதில்லை, கூடுவதாலும் வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் பழவேற்காடு ஏரி. அதன் அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்கை வரும். அதே வேளையில் விமானிகளுக்கு நோட்டாம் என்ற அறிவிப்பு வரும்: இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை, இந்த வான்பரப்பில் பறக்காதே. மீனவருக்கு வருவது ஒரே செய்தி. விமானிக்கோ அது எரியாத விளக்கு, புல்வெட்டும் வேலை, எங்கோ எழும்பிய கிரேன் என்ற நூறு அறிவிப்புகளுக்கு நடுவில், தந்திக் காலத்துச் சுருக்கெழுத்தில், முக்கியம் எது அற்பம் எது என்ற வேறுபாடின்றி வந்து விழுகிறது. 2017 ஜூலை 7ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் புறப்படக் காத்து நின்ற டாக்ஸிவேயில் இறங்கப் போய், நூறடிக்கும் கீழே வந்து கடைசி நொடியில் ஏறிப் போனது. பக்கத்து ஓடுபாதை மூடப்பட்டிருந்ததால்தான் விளக்குகளின் அமைப்பு மாறிக் குழப்பம் வந்தது. மூடல் அறிவிப்பு அவர்களுடைய 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில் இருந்தது. வழிகாட்டிக் கருவியின் அலைவரிசையைக் கையால் வைக்க வேண்டும் என்ற குறிப்பும் வரைபடத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்து தவறிப்போனது. நோட்டாம் என்பது யாரும் கண்டுகொள்ளாத குப்பைக் குவியல் என்று அமெரிக்க விசாரணை வாரியத்தின் தலைவரே பிறகு கடுகடுத்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் மாறும்போது பெர்மிட் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது. 1988 ஜூலை 6ஆம் தேதி வட கடலில் 167 பேரைப் பலிகொண்ட பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது என்ற பெர்மிட் எழுதப்பட்டுத்தான் இருந்தது. பம்ப்பை ஓட்டப்போன இரவு ஷிப்ட்காரர்களின் கைக்கு அது வரவில்லை.

இதற்கு முதலில் எழும் மறுப்பு: காகிதக் காலம் போய்விட்டதே, இப்போது டேப்லெட்தானே? உண்மைதான். பதினைந்து கிலோவுக்கு மேல் கனத்த பைகள் போய்விட்டன, திருத்தத் தாள் செருகும் வேலை ஒழிந்தது, பழைய வரைபடம் கையில் தங்கிவிடும் ஆபத்தும் வெகுவாகக் குறைந்தது. இது சின்ன லாபம் அல்ல. ஆனால் 2015 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் ஐபேட் செயலி, வாஷிங்டன் நிலையத்தின் ஒரே வரைபடம் இரண்டு முறை ஏறிவிட்டதால் முடங்கி, பல விமானங்கள் தரையிலேயே நின்றன. அதைவிட ஆழமான பாடம் 2009 மார்ச் 20ஆம் தேதி மெல்பர்னில் கிடைத்தது. எமிரேட்ஸின் ஏ340 விமானத்தின் எடை 362.9 டன், காக்பிட் மடிக்கணினியில் அடிக்கப்பட்டது 262.9. கணினி 262.9க்குத் துல்லியமாக, பிசகே இல்லாமல், வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுக் கொடுத்தது. நூறு டன் வித்தியாசம் அடுத்தடுத்த சரிபார்ப்புகளிலும் பிடிபடவில்லை. வால் தரையில் உரச, ஓடுபாதையைத் தாண்டி, விளக்குகளை இடித்துக்கொண்டு எழும்பிய விமானம் உயிர்ச்சேதமின்றித் திரும்பி வந்தது அதிர்ஷ்டம். திரை வந்தால் எண்ணைத் தேடும் வேலை சுலபமாகிறது. எண்ணைச் சந்தேகிக்கும் வேலை சுலபமாவதில்லை. நான்கு தாள்களைத் தொடையில் விரித்தால் நான்கும் கண்ணில் படும், திரையில் ஒன்றுதான் படும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. தாளின் அமைப்பு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், படித்ததை மதிக்காத விமானியை அது என்ன செய்யும்? 1973 மே 31ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737, புழுதிப்புயலும் மழையுமாக இருந்த பாலம் நிலையத்துக்கு அருகே மின்கம்பிகளில் மோதி விழுந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தனர். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதமும் அவர்களில் அடக்கம். ஓடுபாதை கண்ணில் படாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்றது விசாரணை. அந்த உயரம் வரைபடத்தில் இருந்தது. எங்கே இருந்தது என்பது கேள்வியே இல்லை. இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்: தாளைத் திருத்துவதால் மட்டும் அந்த விபத்து நின்றிருக்காது. ஆனால் விமானத்துறை இதற்குக் கண்ட மருந்தும் குறிப்பு ஒழுங்கின் நீட்சிதான். குறைந்தபட்ச உயரத்தை இறங்கத் தொடங்கும் முன்பே இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது. நெருங்கும்போது ஓட்டாதவர் உரக்க அறிவிப்பது. ஓடுபாதை தெரிகிறது அல்லது ஏறுகிறேன் என்ற இரண்டில் ஒன்று பதிலாக வந்தே ஆகவேண்டும் என்பது. ஒருவர் மனதில் மட்டும் இருக்கும் எண்ணை மௌனமாக மீறலாம். இன்னொருவர் காதிலும் விழுந்த எண்ணை மீறுவதற்குக் கொஞ்சம் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

அந்த இன்னொருவர் விலகி இருந்தால் என்ன ஆகும் என்பதை 1996 நவம்பர் 12ஆம் தேதி ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் பார்த்தோம். சவுதி போயிங் 747க்கு அனுமதித்த உயரம் 14,000 அடி, எதிரே வந்த கசாக் இலியூஷினுக்கு 15,000. கசாக் விமானத்தில் தரைக்கட்டுப்பாட்டோடு பேசியது விமானிகள் அல்ல, தனியே ஒரு வானொலி இயக்குநர். அவருக்கென்று உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். 15,000 என்று கேட்டவர் ஒருவர், விமானத்தை இறக்கியவர் வேறொருவர். விமானம் 15,000த்தைத் தாண்டி இறங்கிக்கொண்டே போனது. 349 பேர் இறந்தார்கள். அதன்பிறகு மோதல் எச்சரிக்கைக் கருவி இந்தியாவில் கட்டாயமானது. இன்றைய காக்பிட்டில் புதிய உயரம் சொல்லப்பட்டதும் அதை எழுதுவதற்குப் பதில் தானியங்கிப் பலகையின் உயரச் சாளரத்திலேயே வைத்துவிடுகிறார்கள். ஒருவர் வைக்க, மற்றவர் விரல்நீட்டி அதே எண்ணை வாசிக்கிறார். நீபோர்டிலிருந்து கிளம்பிய குறிப்பு இருவர் கண்ணும் தானாகப் போகும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. தனியாகச் சிறு விமானம் ஓட்டும் பயிற்சி மாணவருக்கு விரல்நீட்டிக் காட்ட ஆள் இல்லை. கேட்க யாருமில்லாத காக்பிட்டில் உயரத்தையும் அழுத்தத்தையும் உரக்கச் சொல்லிக்கொண்டு பறக்கும்படி அவரைப் பயிற்றுநர்கள் பழக்குகிறார்கள். பார்க்கச் சற்றுக் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும்.